மூன்றாம் மாடித் துரை

“நீங்க வீட்ல பூனை வளர்க்கறதா கீழ் வீட்லேர்ந்து புகார் வந்திருக்கு.”

“ஆமா சார், வளர்க்கறோம்” என்றாள் அந்த அம்மாள், கதவை முழுசாகத் திறந்துவிட்டு.

குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர் அவர். மாட்டிக்கொண்டவர்கள் முதலில் இல்லவே இல்லை என்பார்கள், பிறகு மழுப்புவார்கள், கடைசியில்தான் வழிக்கு வருவார்கள். வாசலிலேயே ஒப்புக்கொண்ட ஆளை அவர் பார்த்ததில்லை.

“விதி தெரியும் இல்லையா? பிராணி வளர்த்தா வாடகைக்கு இருக்கறவங்க காலி பண்ணணும்.”

“தெரியும் சார்.”

“நான் வீட்டு ஓனருக்கு ஒரு போன் போட்டாப் போதும்.”

“உள்ள வாங்க சார்” என்று அறைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. “தெருப் பூனைதான். அதுக்கு இடம் கொடுத்தது நான். அவளைக் கோவிச்சுக்காதீங்க.”

கட்டிலில் அவள் கணவர். இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். பால்கனி சன்ஷேடில் மாட்டிக்கொண்டு கத்திய பூனைக்குட்டியை இறக்கப் போய், ஸ்டூல் சரிந்து விழுந்தாராம்.

“நான் தரையில கிடக்கறேன். அது பாட்டுக்கு என்னைத் தாண்டி, துரை மாதிரி நடந்து வீட்டுக்குள்ள போச்சு சார். அதான் துரைன்னே பேரு வெச்சுட்டேன்.” பெற்ற பிள்ளையின் குறும்பைச் சொல்வதுபோலச் சிரித்தார்.

“இந்த நிலைமைல லிஃப்ட் இருக்கற வேற வீடு கிடைக்குமா உங்களுக்கு?”

“கஷ்டம்தான்.”

“அப்ப பூனையை யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. விஷயம் முடிஞ்சுது.”

“அது மட்டும் முடியாது சார்” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

செயலாளருக்கு எங்கேயோ இடித்தது. சுற்றிலும் நோட்டம் விட்டார். சோபாவில் ஒரு முடி இல்லை. திரைச்சீலையில் நகம் பட்ட இழை இல்லை. சமையலறை வாசலில் இருந்த கிண்ணத்துப் பால் ஆடை கட்டிக் கிடந்தது. ஓர் எறும்பு அதில் தத்தளித்துக்கொண்டிருந்தது. செலவு இருக்கிறது, சரக்கைத்தான் காணோம்.

“பூனை எங்க?”

“சமையல்கட்டுலதான் இருக்கும்” என்றார் கணவர். “ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்கும். என் கட்டில் பக்கமே வராது, சத்தம் மட்டும் கேட்கும். போய்ப் பாருங்க.”

அந்த அம்மாள் விடுவிடென்று முன்னால் போனாள். செயலாளர் சமையலறைக்குள் கால் வைக்கவும் ‘மியாவ்’ என்று குரல் வரவும் சரியாக இருந்தது.

அலமாரிக்கு அடியில் குனிந்தார். சிலிண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது. மெல்லக் கையை எடுத்தாள். அவருக்கு நேராகவே இன்னொரு தடவை ‘மியாவ்’ என்றாள்.

“பார்த்துட்டீங்களா சார்?” என்று கட்டிலிலிருந்து கேட்டது.

செயலாளர் அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

“அது செத்துப்போச்சு சார்” என்று கிசுகிசுத்தாள் அவள். “இவரை இப்படிப் படுக்க வெச்சுட்டுதேன்னு ஒரு ஆத்திரம். துடைப்பத்தால விரட்டிட்டேன். படியிறங்கி ரோட்டுக்கு ஓடி, வண்டில அடிபட்டுடுச்சு. இவர் துரை எங்க, துரை எங்கன்னு துளைச்சு எடுத்தார். எப்படிச் சொல்லுவேன்? என்னையும் அறியாம மியாவ்னுட்டேன்.”

“வாசல்லயே பூனை இல்லைன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேனேம்மா.”

“அவர் காதுல விழுந்துடுமே சார். வீடு போனா வேற வீடு தேடிக்கலாம்.”

செயலாளர் பால் கிண்ணத்தைத் தாண்டினார். வெளியே வந்து, அறைக்குள் கேட்கிற மாதிரியே சொன்னார்: “பார்த்துட்டேன் சார். சாதுவான பூனைதான். கீழ் வீட்ல நான் பேசிக்கறேன், நீங்க காலியெல்லாம் பண்ண வேண்டாம். கொஞ்சம் மெதுவா மட்டும் கத்தச் சொல்லுங்க.”

“டீ போடறேன், குடிச்சுட்டுத்தான் போகணும்” என்றது சமையலறைக் குரல். அதில் இப்போதுதான் உயிர் வந்திருந்தது.

பாவம், ஒன்றும் தெரியாமல் கிடக்கிறாரே என்று நினைத்தபடி செயலாளர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். கணவர் அவரை இன்னும் கிட்டே வரச் சொல்லிச் சைகை காட்டினார்.

“காட்டிக் கொடுக்காம விட்டீங்களே, ரொம்ப நன்றி சார்.”

“யாரை?”

“அவளைத்தான். இந்த ஜன்னலுக்கு நேர் கீழதானே ரோடு. விரட்டின சத்தமும் கேட்டுச்சு, பிரேக் போட்ட சத்தமும் கேட்டுச்சு. அன்னிக்கு முழுக்கப் பச்சைத் தண்ணி குடிக்கல அவ. நான் துரையைத் தேடலேன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு இன்னும் நொறுங்கிப் போயிடுவா. அதான் தேடினேன். மியாவ்னு கத்தினதுக்கு அப்புறம்தான் ஒரு வாய் சாப்பிட்டா.”

உள்ளே டம்ளர்கள் உரசின. செயலாளர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். “அப்ப... கத்தினது அவங்கன்னு முதல் நாளே கண்டுபிடிச்சுட்டீங்களா?”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்கற குரல் சார்” என்றார் கணவர். “மியாவ்னு சொன்னா மட்டும் தெரியாமப் போயிடுமா?”