அத்தைக்கு வந்த வலி

“இன்னிக்கும் கிளம்பிட்டீங்களா அத்தை?” அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தையல் மிஷினில் சாய்ந்தபடி கேட்டாள் மருமகள்.

“காலாற நடந்துட்டு வரேன். நீ கொஞ்சம் படு” என்று செருப்பை மாட்டினார் மாமியார்.

ஒரு மாதமாக இதே கதைதான்: இவளுக்கு வலி, அவருக்கு நடை. மருத்துவக் காப்பீடு கிடையாது. இலவச கிளினிக்கில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அப்படி அவள் நின்ற ஒரே இடத்திலும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

‘நான் இங்கே துடிக்கிறேன், இவங்களுக்கு ஊர் சுற்றணும்!’ என்று பொருமினாள்.

மறுநாள் மாமியார் அவளை ஒரு சின்ன இலவச கிளினிக்குக்கு இழுத்துப் போனார்.

“இங்கேயும் மாத்திரையைக் கொடுத்துத் துரத்துவாங்க அத்தை.”

“பேசாம வாடி.”

உள்ளே நுழைந்ததும் டாக்டரம்மா மாமியாரைப் பார்த்துக் கேட்டார்.

“வாங்கம்மா. உங்க அடிவயிற்று வலி எப்படி இருக்கு?”

மருமகள் திடுக்கிட்டாள். “உங்களுக்கா அத்தை?”

“எனக்கு ஏதுடி வலி!” என்ற மாமியார், டாக்டரிடம் திரும்பினார். “மன்னிச்சுக்குங்கம்மா. இவ வலியை என் வலின்னு சொல்லி, ஒவ்வொரு இலவச கிளினிக்கா வரிசையில நின்னேன். பாதியிலேயே மாத்திரையை நீட்டாம, முழுசாக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்.”

“அதான் ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியலையா!” டாக்டரம்மா சிரித்துவிட்டார். நாற்காலியை மருமகள் பக்கம் திருப்பினார். “நீ சொல்லும்மா. எப்போலேருந்து வலி?”

மாமியாரின் கையைப் பற்றிக்கொண்டு விசும்பினாள் மருமகள்.

“அழாம விவரமாச் சொல்லுடி. நான் நடிச்சதுல ஏதாவது விட்டுப்போயிருக்கும்!”