லைன்லயே இரும்மா

நூற்று நாற்பத்திரண்டு.

செல்போனில் சிவப்பாக மின்னிய அந்த எண்ணைப் பார்த்ததும் ஹெலினா கையிலிருந்த கரண்டியைப் போட்டாள். கணவன் செபாஸ்டியனின் இதயத் துடிப்பு அது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எழுபத்தாறுதான் இருந்தது.

உடனே கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டாள். திருமழிசை தொழிற்பேட்டையில் அவன் வேலை செய்யும் லேத் கம்பெனிக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அவசரம் என்றால் கேட்டில் இருக்கும் போன்தான்.

"செக்யூரிட்டி, செபாஸ்டியன் எப்படி இருக்காருன்னு போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"இப்பதானேம்மா, அரை அவருக்கு மின்னாடி பாத்துட்டு வந்து சொன்னேன்? நல்லாத்தான் கீறாரு."

"பரவாயில்ல, மறுபடியும் பாருங்க. அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. பயந்துடுவாரு."

"சரி, லைன்லயே இரும்மா."

ஆறு நிமிடம் ஆயிற்று. பிறகு இருமலும் பேச்சுமாக செக்யூரிட்டி ஜம்புலிங்கத்தின் குரல் வந்தது.

"ஜோரா நின்னுகினு வேலை செய்றாரும்மா."

ஹெலினா நம்பவில்லை. 'எங்கேயோ நின்று பீடி குடித்துவிட்டு வருகிற ஆள். போய்ப் பார்த்திருக்கவே மாட்டார்!'

எண் இப்போது நூற்று நாற்பத்தெட்டு.

போன வருஷம் செபாஸ்டியனின் அண்ணன், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், மாரடைப்பில் அப்படியே சரிந்து விழுந்து இறந்துபோனார். நாற்பத்தொன்பது வயது. செபாஸ்டியனுக்கு வரும் மாதம் நாற்பத்தொன்பது முடிகிறது.

ஹெலினாவின் தம்பிதான் கிறிஸ்துமஸுக்கு, இதயத் துடிப்பைக் காட்டும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை அவனுக்கு வாங்கிக் கொடுத்தான். அதற்குள்ளேயே சிம் இருந்தது. செபாஸ்டியன் எங்கே இருந்தாலும் துடிப்பு இவள் போனுக்கு வந்துவிடும்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. அடுப்பில் குழம்பு தீய்ந்தது. ஜெபமாலை சொல்லும்போதும் ஒரு கையில் போன்.

"போனைக் கொஞ்சம் கீழ வையேன் ஹெலினா. என் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, உன் முகம்தான் வத்திப்போச்சு" என்பான் செபாஸ்டியன்.

கெஞ்சிக் கூத்தாடி அவனைச் சம்மதிக்க வைத்திருந்தாள். இன்று பர்மிஷன் போட்டுவிட்டு, மூன்று மணிக்குப் பூந்தமல்லி கிளினிக்குக்கு வந்துவிட வேண்டும்.

மூன்றேகால் ஆயிற்று. அவனைக் காணோம். கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹெலினா போனைப் பார்த்தாள். நூற்று இருபத்தைந்து. எண்ணைப் பார்த்துக்கொண்டே பேச, ஸ்பீக்கரில் கேட்டுக்குப் போன் போட்டாள்.

"அவரு கிளம்பிட்டாரா?"

"இல்லியேம்மா. கேட்டாண்ட வரவேயில்லியே."

"மாதாவே! அப்ப உள்ளதான் எங்கேயாவது விழுந்து கிடக்காரு! போய்ப் பாருங்க. அன்ன நடை நடந்து போகாதீங்க, ஓடுங்க!"

"தோ ஓடுறேம்மா. லைன்லயே இரு."

நூற்று முப்பத்தொன்பது. நூற்று ஐம்பத்தொன்று.

"டோக்கன் நாலு, செபாஸ்டியன்!" என்று நர்ஸ் ஸ்டெஃபி கூப்பிட்டாள்.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்றபடி படியேறி வந்தான் செபாஸ்டியன்.

ஹெலினாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள். "டாக்டர், நூத்தி ஐம்பத்தொண்ணு! சீக்கிரம் பாருங்க!"

டாக்டர் ஹேமாவதி அவன் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். "எழுபத்தெட்டுதானே இருக்கு?"

ஹெலினா போனை நீட்டினாள். அதில் நூற்று ஐம்பத்து நான்கு.

டாக்டர் போனைப் பார்த்தார். பிறகு செபாஸ்டியனின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். "வாட்ச் எங்க?"

"அடடா, கேட்லயே விட்டுட்டேன் டாக்டர். கம்பெனி டெம்போ பின் கேட் வழியா கிளம்புச்சு, அதுல தொத்திக்கிட்டு வந்துட்டேன்."

"கேட்ல எதுக்கு வாட்ச்?" என்றாள் ஹெலினா.

"லேத்துல வாட்சு, மோதிரம் எதுவும் கூடாதும்மா. சுத்துற மெஷின் இழுத்துச்சுன்னா கையே போயிடும். தினமும் உள்ள போறப்ப ஜம்புலிங்கண்ணன்கிட்ட கழட்டிக் குடுத்துடுவேன். மச்சான் ஆசையா வாங்கிக் குடுத்ததுன்னு சொன்னேனா, டிராயர்ல வெச்சா தொலைஞ்சிடும்னு அவரு கையிலயே கட்டிக்குவாரு."

"தினமுமா?"

"தினமும்தான்."

ஹெலினா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஸ்தோத்திரம்! அப்ப அது உங்களோடது இல்ல!"

டாக்டர் சிரிக்கவில்லை. "அவருக்கு என்ன வயசு?"

"அறுபத்தஞ்சு இருக்கும் டாக்டர். நல்ல மனுஷன். இப்பல்லாம் அடிக்கடி ஷெட் வாசல்ல வந்து நின்னு, மூச்சு வாங்க என்னை எட்டிப் பாத்துட்டுப் போவாரு. என்னண்ணேன்னு கேட்டா, சும்மா காத்து வாங்க வந்தேன்பாரு."

ஹெலினா கணவன் பக்கம் திரும்பினாள். "கேட்ல இருந்து ஷெட் எவ்வளவு தூரங்க?"

"கால் கிலோமீட்டருக்கு மேல இருக்கும். ஏன்?"

எண் ஏறும்போதெல்லாம் போன் போட்டது அவள். போன் போட்ட பிறகெல்லாம் எண் இன்னும் ஏறியது.

"அவரை உடனே உட்காரச் சொல்லுங்க. எழுந்து நடக்கவே கூடாது" என்றார் டாக்டர்.

அப்போதுதான் கையிலிருந்த போனில் இருமல் சத்தம் கேட்டது. அவள் லைனைத் துண்டிக்கவே இல்லை.

"அம்மா... ஷெட்ல இல்லம்மா... கேன்டீன்லயும் பாத்துட்டேன்... நீ பயப்படாத... குடோனாண்ட இன்னொரு தபா ஓடிப் பாத்துட்டு வந்துர்றேன்... லைன்லயே இரும்மா..."

"அண்ணே, ஓடாதீங்க! அண்ணே!"

போனை மேசையில் வைக்கும் சத்தம். பிறகு, தூரமாகப் போய்க்கொண்டே இருந்த செருப்புச் சத்தம்.

நூற்று அறுபத்தாறு.