உள்ளே போகாத செருப்பு

மேகலாவிடம் ஒரு வயலின் இருந்தது. தினமும் பழகுவாள். சனிக்கிழமை மட்டும் அதைப் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போய்விடுவாள்.

வயலினுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் திரும்பி வந்ததும், "பழக வேண்டிய நேரத்தில் ஊர் சுற்றுகிறாள், அதுவும் உன்னோடு" என்று வாசலில் கிடந்த செருப்பிடம் முணுமுணுத்தது.

"நான் எங்கே உள்ளே போனேன்? சபா வாசலிலேயே விட்டுவிடுவாள்" என்றது செருப்பு.

"வாசலில் உனக்கு என்ன கேட்கும்?"

"ஏகப்பட்ட செருப்புகள் கிடப்போம். எந்தத் தெரு, எங்கே அறுந்தது என்று பேச்சு ஓயாது. திடீரென்று கதவிடுக்கு வழியாக ஒரு ஸ்வரம் ஊதுபத்திப் புகை மாதிரி நீளமாக வரும். யாராவது 'பேசாதே' என்பார்கள். எல்லோரும் அடங்கிவிடுவோம். வீடு திரும்பும்போது அவள் மிதிப்பதே எனக்குத் தெரியாது. அவ்வளவு லேசாக நடப்பாள்."

வயலின் நம்பவில்லை.

மறுநாள் காலை மேகலா வில்லை எடுத்தாள். எப்போதும் அவசரமாகத் தாண்டிப் போகும் காந்தார ஸ்வரத்தில் அன்று நின்றாள். மெல்ல இழுத்தாள், தேய விட்டாள், விட மனசில்லாமல் மறுபடி பிடித்தாள். தனக்குள் இப்படி ஒரு குரல் இருப்பது வயலினுக்கே அன்றுதான் தெரிந்தது.

வாசலில், சந்தையிலிருந்து வந்த அப்பாவின் செருப்பு கத்தரிக்காய் விலையைப் பற்றி ஆரம்பித்தது.

"பேசாதே" என்றது மேகலாவின் செருப்பு. "உள்ளே கச்சேரி நடக்கிறது."