ரெண்டாவது இடம்

"இன்னா டீச்சர் சொல்லிக் குடுக்கிறீங்க எம் பொண்ணுக்கு?"

பள்ளி நூலகத்துக்குள் மூச்சிரைக்க வந்து நின்றாள் குப்பம்மா. ஏழாம் வகுப்பு கார்குழலியின் அம்மா.

"நூலகத்துலயும் இன்டர்நெட்டுலயும் எப்படித் தேடுறதுன்னு சொல்லித் தர்றேன். ஏம்மா?" என்றாள் சங்கமித்ரா டீச்சர்.

"ஒரே பேஜாரா கீது! எத சொன்னாலும் 'இதுக்கு ஆதாரம் இன்னா?'ன்றா. மீன்காரம்மா 'காலைல புட்ச்ச மீனு'ன்னு சொன்னதுக்கு, 'யாரு பாத்தா?'ன்னு கேட்டு சண்டை வலிச்சிட்டா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு இடத்துல பார்த்ததை அப்படியே நம்பாதே, ரெண்டாவது இடத்துலயும் சரிபாருன்னு நான்தான் சொன்னேன்."

"அவ நைனாவையே சந்தேகப்பட வெச்சிட்டீங்களே! கப்பல்ல வேலை அவருக்கு. சிங்கப்பூர்ல கீறேன்னு போன் பண்ணாரு. இவ பிரவுசிங் சென்டர்ல கப்பல் பேரைத் தட்டிப் பாத்துட்டு, 'அந்தக் கப்பல் ஒரு வாரமா நம்ம ஹார்பர்லதான் நிக்குதும்மா'ன்றா!"

சங்கமித்ராவின் சிரிப்பு நின்றது. "இன்டர்நெட்டுல தப்பாவும் போட்டிருப்பாங்கம்மா. அதனாலதான் ரெண்டாவது இடத்துலயும்..."

"பாத்துட்டேன் டீச்சர்." குப்பம்மாவின் குரல் இறங்கியது. "நானே போய்ப் பாத்தேன். ராயபுரத்துல, இன்னொருத்தி வூட்ல, லுங்கி கட்டிகினு டிவி பாத்துகினு கீறாரு."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துக் குப்பம்மாவின் பக்கம் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"சாயங்காலம் எம் பொண்ணு வூட்டுக்கு வருவா. நைனா சிங்கப்பூர்லதான் கீறாருன்னு சொல்லணும். ஆதாரம் கேப்பாளே டீச்சர், இன்னாத்த காட்டுவேன்?"