முதல் சொல் ஒத்திகை

போன் அடித்தது. எடுத்தான்.

"ஒத்திகைங்க சார்" என்றது ஒரு பெண்குரல்.

அவனுக்கு மனசு குளிர்ந்தது. சொல்லிக்கொடுத்தபடியே ஆரம்பிக்கிறாள்.

அது அவன் போட்ட விதி. கோழிகளுக்கு வரும் காய்ச்சல் மனிதர்களுக்குத் தொற்றினால் யார் யாருக்குச் சொல்வது, யார் எங்கே ஓடுவது என்று சுகாதார அலுவலகத்தில் அன்று நடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடிப்பை நிஜமென்று நம்பி ஊர் கலவரப்பட்டுவிடக் கூடாதே. அதனால் போனில் யார் பேசினாலும் முதல் சொல் 'ஒத்திகை'. போன வாரக் கூட்டத்தில் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருந்தான்.

"இலந்தக்காட்டுவலசு நர்ஸ் துளசிமணி பேசறனுங்க. இங்க கோழிப்பண்ணையில மூணு நாளா கோழி செத்துட்டே இருக்குதுங்க. அள்ளிப் புதைச்சவங்க ஆறு பேருக்குக் காய்ச்சல். ஒருத்தருக்கு ரொம்ப மூச்சு வாங்குதுங்க."

பின்னால் யாரோ கதவைத் தட்டும் சத்தம். நடுவே இருமல். ஏற்பாடு பிரமாதம் என்று நினைத்தான்.

அன்றைய அழைப்புகள் எல்லாவற்றையும் எழுதியவன் அவன்தான். மொத்தம் பதினேழு. இது அவற்றில் இல்லை. ஆழம் பார்ப்பதற்காக மேலதிகாரி ஒன்றை நடுவில் செருகியிருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

"அடுத்து என்ன செய்யப்போறீங்க?" என்றான், பரீட்சை வைப்பவன் தோரணையில்.

"யாரும் வெளிய போகாம பாத்துக்கோணுங்க. நீங்க சொன்ன மாதிரியே."

"சரி, செய்ங்க."

தாளில் 'மிக நன்று' என்று எழுதினான். ஆம்புலன்ஸ் என்ற கட்டத்தில் 'அனுப்பப்பட்டது' என்று டிக் அடித்தான். அன்று ஆம்புலன்ஸ் தாளில் மட்டும்தான் கிளம்பும்.

அப்போது மணி பத்தேகால்.

ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. கைதட்டினார்கள். வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கூடத்தில் செத்தவர்களாகக் கிடந்த நர்சிங் கல்லூரிப் பெண்கள் எழுந்து, உடுப்பில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

இரண்டேகாலுக்கு மறுபடியும் போன்.

"ஒத்திகைங்க சார். துளசிமணிங்க. ஆம்புலன்ஸ் இன்னும் வரலீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இவளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஒத்திகை ஒரு மணிக்கே முடிஞ்சுபோச்சும்மா. வீட்டுக்குக் கிளம்புங்க."

 

"முடிஞ்சுதுங்களா? அப்ப இனி அந்த வார்த்தையச் சொல்லாம பேசலாங்களா சார்?"

அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"காலையில நீங்க சொன்னதெல்லாம்..."

"இன்னைக்கு யாரு பேசுனாலும் அதச் சொல்லிட்டுத்தான் பேசோணும்னீங்கல்லங்க."

அடுத்த மேசைப் போனை இழுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். தன்மேல் வந்த ஆத்திரத்தை அவர்கள்மேல் கொட்டிவிட்டு, மறுபடி இந்தப் போனைக் காதில் வைத்தான்.

நாலு மணி நேரம். ஆறு பேர். வீடு, டீக்கடை, சந்தை. அதில் ஒருவர் முட்டை லாரியில் ஏறியிருந்தால் இந்நேரம் மாநில எல்லையே தாண்டியிருக்கலாம்.

"அந்த ஆறு பேரும் இப்ப எங்கம்மா இருக்காங்க?"

"நம்ம ஹெல்த் சென்டருக்குள்ளதானுங்க. வீட்டுக்குப் போகோணும்னு கதவத் தட்டிட்டே இருந்தாங்க."

அவன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். இருமல்கூட இல்லை.

"சத்தமே கேக்கலையே?"

"ஆமாங்க. பன்னெண்டு மணிக்கு மேல யாரும் தட்டறதில்லீங்க."

அறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"துளசிமணி, நல்லாக் கேளுங்க. நீங்க கதவுப் பக்கமே போகக் கூடாது. வாசலத் தாண்டி, தள்ளி மரத்தடியில நின்னுக்குங்க. வண்டி வந்துட்டிருக்கு."

அவள் குரல் இப்போது ரொம்பத் தாழ்ந்திருந்தது, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதென்று பேசுகிற மாதிரி.

"காலையில ஆறு பேரையும் தொட்டுப் பாத்தவ நானுங்க. நான் மட்டும் எப்படிங்க வெளிய நிக்கறது? உள்ளாற இருந்தே பூட்டிட்டு, சாவிய ஜன்னல் வழியா வீசிட்டனுங்க சார்."