மூணு சக்கரத்துக்கு எதுக்குக் கால்?

எல்வின் இடது காலைத் தரையில் ஊன்றி நின்றான்.

பின் இருக்கையில் இருந்த லின்சி அதைப் பார்த்தாள். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. முன்னால் நெல் லாரி, பின்னால் டவுன் பஸ், நடுவில் இவர்களுடைய மூன்று சக்கர ஸ்கூட்டர். ரப்பர் செருப்பு மாட்டிய அவன் பாதம் தார் ரோட்டில் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

ஷார்ஜாவில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து ஊர் வந்து சேர்ந்ததிலிருந்து, முழங்காலுக்குக் கீழே அவனுக்கு இரண்டு காலும் செத்த கட்டை. ஊன்றுகோல்களில் அவன் தொங்கிக்கொண்டு போகையில் பின்னால் இழுபடும். இப்படி ஊன்றி அவள் பார்த்ததில்லை.

"என்னங்க, காலு..."

"அதான் சொன்னேன்ல. பத்து நாளாவே எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நீதான் நம்பல."

வண்டியை நிறுத்தியதும் அவன் குனிந்து, முழங்காலருகே பேன்ட்டைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. புதுப் பேன்ட். பெண்டாட்டியை வழியனுப்ப வருகிறவன், மடிப்புக் கலையக் கூடாது என்று நினைத்திருப்பான்.

அவள் மடியில் பாஸ்போர்ட் வைத்த பை இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஏஜென்ட்டின் வேன் காத்திருக்கிறது. திருச்சி போய், அங்கிருந்து குவைத். ஒரு வீட்டில் சமையல் வேலை, இரண்டு வருஷம். அதுவரை வீட்டில் இவனும் ஆறு வயது மகள் பிரின்ஸியும் மட்டும்தான்.

போன மாதம் அவள் போக மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். கொதிக்கிற கஞ்சி கவிழ்ந்து தன் கால் தோல் உரிந்துகொண்டிருந்தபோதும், எல்வின் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவள் ஓடி வந்து கத்திய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

"சூடு தெரியாத ஆள நம்பி எப்படிங்க புள்ளைய விட்டுட்டுப் போறது?" என்று நேற்று ராத்திரிகூடக் கேட்டாள்.

"தெரியுதுன்னு எத்தன தடவ சொல்றது? நீயும் இங்கயே கெடந்தா மூணு பேரும் சேந்து சாவலாம். வசதி எப்படி?" என்றான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நம்பவில்லை.

பக்கத்தில் புல்லுக்கட்டோடு ஒரு மொபெட் வந்து நின்றது. அவர்கள் தெருக்காரர் காத்தான். வண்டி சாய்ந்துவிடாமல் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, எல்வினின் காலைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடா எல்வினு, மூணு சக்கரத்துக்கு எதுக்குக் கால்? அதான் தன்னால நிக்குதே. என்னை மாதிரி ரெண்டு சக்கரத்துக்காரன்தான் நின்னா காலத் தேடணும்."

"யமஹா ஓட்டின பழக்கம் போவ மாட்டேங்குது அண்ணே."

"பழக்கத்தப் பாரேன். தாவூது பாய் பாத்தா ஒதைப்பாரு."

அந்த ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரம் பூட்டிக் கொடுத்தவர் மெக்கானிக் சேக் தாவூது. கொடுத்த அன்றே எல்வினைப் பிடித்து வைத்துப் பாடம் எடுத்தார்.

"ரெண்டு சக்கரத்துல ஒடம்பச் சாய்ச்சா வண்டி வளையும். இது சாயாது. நீ வேகமா வளைச்சா உன்னத் தூக்கி வெளிய எறியும். மெதுவாப் போ, ஹேண்டில மட்டும் திருப்பு. இன்னொண்ணு, நிக்கிறப்ப மறந்தும் கால எறக்காத. பின்னாடி சக்கரம் உன் கால் மேலயே ஏறும். பாபநாசத்துல ஒருத்தனுக்கு எலும்பு நொறுங்கிப் போச்சு."

லின்சியும் அன்று கூடத்தான் இருந்தாள். ஆனால் இப்போது அவளுக்குப் பயம் வரவில்லை. செத்த காலுக்குப் பழக்கம் ஏது? உயிர் இருந்தால்தானே பழசெல்லாம் ஞாபகம் வரும்.

கூட்ஸ் வண்டி வந்தது. நெல் மூட்டை அடுக்கிய பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தடதடத்துப் போயின. சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்து சொன்னாள்.

"சரிங்க. நான் போறேன்."

எல்வின் திரும்பவில்லை. அவன் பிடரி மட்டும் தளர்ந்தது.

"புள்ளையக் குளிப்பாட்டுறப்ப சுடுதண்ணியத் தொட்டுப் பாத்துக்குங்க."

"பாக்குறேன்டி."

"அடுப்புகிட்ட கால நீட்டிக்கிட்டு ஒக்காராதீங்க."

"அதான் இப்பத் தெரியுதுல்ல. நிம்மதியாப் போயிட்டு வா."

காத்தான் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லின்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேட் மேலே ஏறியது. நாலா பக்கமும் ஹாரன். பின்னால் நின்ற பஸ் முதுகில் ஏறிவிடுவது போல அலறியது. எல்வின் பதறி ஆக்ஸிலரேட்டரைத் திருகினான். வண்டி அரையடி நகர்ந்து, இடது பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

லின்சி குனிந்து பார்த்தாள். சக்கரம் அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றிருந்தது. செருப்பு கோணி, விரல்கள் வெளியே பிதுங்கி வெளுத்திருந்தன. இதோ கத்தப்போகிறான் என்று அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

எல்வின் இன்னும் கொஞ்சம் திருகினான். வண்டி முக்கியது. எரிச்சலோடு தலையைப் பாதி திருப்பினான்.

"சக்கரத்துல கல்லு மாட்டிருக்கு போல. எறங்கிப் பாரு லின்சி."