டோக்கனில் இருந்த பெயர்

கிளினிக் கூடத்தில் நான்கு பேர்: அனந்தராமன், அவர் மகள் அபர்ணா, நர்ஸ் ஷாலு, முழங்கால் எக்ஸ்ரேயும் கையுமாக ஸ்ரீவராகம் தெருவில் அவர்களுக்கு எதிர்வீட்டு லோகா மாமி. மத்தியான வெயில் கண்ணாடிக் கதவைச் சுடுகிறது. "அனந்தராமன், ஏடிஹெச்டி மருந்து ரிவ்யூ!" என்று ஷாலு உரக்கக் கூப்பிடுகிறாள். எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டிருந்த மாமியின் கை நிற்கிறது. மகள் பேர் வெளியே தெரியக்கூடாதென்று டோக்கனைத் தன் பேரில் எடுத்தவர் அனந்தராமன்தான். ஷாலு பிரஷர் பட்டையை அவர் கையிலேயே சுற்றுகிறாள். கவனச்சிதறலுக்கான மருந்தின் அளவை மூன்று வாரம் முன்பு கூட்டியதிலிருந்து நெஞ்சு படபடத்து, தூக்கம் கெட்டு, கண் குழிந்திருக்கும் அபர்ணா பட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "படபடப்பு எனக்கு, பிரஷர் உங்களுக்கா? மருந்துச் சீட்டும் உங்க பேர்லதான் வரும். மாத்திரையையும் நீங்களே முழுங்குங்கோ, அப்பா!" அவர் காதுமடல் சிவக்கிறது. கூடத்தின் மூலையில் மாமி போனைப் பொத்திக்கொண்டு, "எதிர்வீட்டு மாமாவுக்குப் புத்தி தடுமாறிடுத்தாம், கேட்டியா," என்கிறாள். அனந்தராமன் பட்டையைக் கழற்றி மகள் மடியில் வைத்துவிட்டு, முதுகு வளையாமல் எழுந்து நிற்கிறார். "போனை வைக்காதே லோகா, இதையும் சொல்லு. எனக்கு ஒண்ணுமில்லை. ஏடிஹெச்டி அபர்ணாவுக்கு. யாருக்கும் புத்தி தடுமாறலை. மருந்து அளவு கூடிப்போச்சு, குறைக்க வந்திருக்கோம்."